உருகிய எண்ணெய் முந்தி வரும்

எங்கள் எண்ணெய்க் கம்பெனி ஆண்டு விழாவுக்கு மலர் போடுகிறார்களாம். சரக்குக் கிட்டங்கி நாட்களைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று இப்போதைய கிளார்க்குகள் இருவர் வீடு தேடி வந்தார்கள். வந்தவர்களில் ஒருவர் பேச்சுவாக்கில், “இப்பல்லாம் டேங்கர் லாரி வருது சார். பைப்பச் சொருகினா போதும், எண்ணெய் தானாத் தொட்டிக்குப் போயிருது. பீப்பாய உருட்டின காலத்துல வேலை எவ்வளவு நல்லா இருந்திருக்கும்” என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. நல்லா இருந்ததா என்பதை உருட்டியவனிடம் அல்லவா கேட்க வேண்டும். பைப்பு வந்தது ரொம்ப நல்லது. பைப்பு யார் காலிலும் ஏறுவதில்லை.

வந்தவர்கள் முகம் சுண்டிப் போயிற்று. காபி கொடுத்துச் சமாதானம் செய்து அனுப்பினேன். கோபப்பட்ட பாவத்துக்கு இதை எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது முப்பதுகள் பிறந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. தென்காசியில் பள்ளிப் படிப்பை முடித்திருந்தேன். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். கிளார்க் வேலைக்கு அது போதும். மற்றதையெல்லாம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டேன், அதை விரிப்பானேன்.

கிட்டங்கி குற்றாலத்துக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால், சாலையோரப் பள்ளத்தில் இருந்தது. தேங்காய் எண்ணெய் மலையாளத்துப் பக்கமிருந்து ரயிலில் தென்காசிக்கு வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் எங்களிடம் வரும். பக்கத்திலேயே வடகரையில் தென்னந்தோப்பு தென்னந்தோப்பாகக் கிடக்கையில் மலை தாண்டிய எண்ணெய் எதற்கு என்று கேட்காதீர்கள். முதலாளிக்கு அதில்தான் லாபம். இங்கிருந்து கடையம் வரைக்கும் கடைகளுக்குப் போகும். சீசன் பிறந்துவிட்டால் குற்றாலத்துக் கடைகளுக்கே பீப்பாய் பீப்பாயாகப் போகும்.

சாலை மட்டத்தில் ஒரு மேல் கொட்டகை. அதிலிருந்து கல் பாவிய சரிவு ஒன்று கீழ் முற்றத்துக்கு இறங்கும். முற்றத்தின் அந்தப் பக்கம் கிட்டங்கி. வண்டியில் வந்த பீப்பாய்களை மேல் கொட்டகையில் சாம்பல் விரித்த தரையில் இரண்டு நாள் படுக்கப் போடுவோம். வழியில் இடிபட்டு எங்கேயாவது கசிந்தால் சாம்பல் கறுத்துக் காட்டிக் கொடுத்துவிடும். கசியாத பீப்பாய்களை ஒவ்வொன்றாகச் சரிவில் விடுவார்கள். இரும்புப் பீப்பாய், உள்ளே முட்ட முட்ட எண்ணெய். நாலு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாது, ஆனால் ஒருவர் விரலால் தொட்டால் உருளும். உருளுகிற சாமானின் குணமே அதுதான்.

மேலே நிற்பவர் மாடசாமி. பீப்பாயைச் சரிவின் விளிம்புக்குக் கொண்டுவந்து, “வருது” என்று குரல் கொடுத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். தள்ளவே கூடாது. கீழே இசக்கிமுத்து அண்ணாச்சி, நீளக் காம்பு வைத்த முட்டுக்கட்டையோடு ஓரமாக நிற்பார். ஊரில் முட்டுக்கட்டை போடுகிறவன் என்றால் ஏச்சு. எங்கள் கிட்டங்கியில் அது சம்பள வேலை, அதுவும் எல்லோரிலும் பெரிய சம்பளம். கட்டையை முந்திப் போட்டால் ஈரக் கல்லில் நழுவிப் போகும். பிந்திப் போட்டால் பீப்பாய் கடந்து போகும். இரண்டுக்கும் நடுவே கண் இமைக்கிற நேரம்தான். அவர் காம்பை ஓங்கும்போதே எதிர்ப்பக்கம் நிற்கும் சுப்பையா ஓரடி முன்னால் எடுத்து வைப்பார். கட்டை போய் உட்காரவும் சுப்பையாவின் இரு கைகளும் பீப்பாய் மேல் விழவும் சரியாக இருக்கும். பிறகு அதைத் திருப்பிக் கிட்டங்கி வாசலுக்கு உருட்டிப் போவார்.

சுப்பையா, இசக்கி அண்ணாச்சியின் தங்கை மூக்கம்மாளின் கணவர். அண்ணாச்சி மனைவியை இழந்தவர், பிள்ளை குட்டி கிடையாது. தங்கை வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை எல்லாம். மூக்கம்மாள் அருவிக்குப் போகிற வழியில் கூடை வைத்துப் பழம் விற்பாள். சீசனில் மங்குஸ்தான், மற்ற நாட்களில் கொய்யா. அவள் வாய்க்குப் பயந்தே பேரம் பேசாமல் வாங்கிப் போகிறவர்கள் உண்டு.

முதல் நாள் நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. முற்றத்தில் ஒரு பீப்பாய் தானாக மெல்ல உருண்டு வந்தது. இவ்வளவு மெதுவாக வருகிறதே என்று காலை நீட்டி நிறுத்தப் போனேன். பின்னாலிருந்து யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்ததில் சாக்குக் குவியலில் போய் விழுந்தேன்.

“ஏலே, மெதுவா வருதுன்னு பாக்கியா? அது எத்தாம்பெரிய சாமான்னு பாருலே. காலு சோளத்தட்ட மாதிரி ஒடிஞ்சு போயிரும்” என்றார் இசக்கி அண்ணாச்சி. பிறகு என்னை உட்கார வைத்து வேட்டியில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டார். அன்றிலிருந்து அவர்மேல் எனக்குத் தனிப் பிரியம். அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் நடுநிலை வகிக்கிறவன் இல்லை.

இனி எங்கள் மானேஜர். கோமதிநாயகம் அய்யா என்போம். திருநெல்வேலியில் கல்லூரியில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தவர், தகப்பனார் இறந்ததால் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்கு வந்தவர். சத்தம் போட்டு ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைப்பார். ரொம்பக் கோபம் வந்தால் ரொம்ப நேரம் துடைப்பார். அவர் கண்ணாடியைத் தொட்டாலே நாங்கள் செய்த தப்பை நாங்களே தேட ஆரம்பித்துவிடுவோம். யார் எதைச் சொன்னாலும், “சரி வே, நீரு பாத்தீரா, கேட்டீரா?” என்பார். பார்த்தது என்றால் ஒரு மதிப்பு, கேட்டது என்றால் வேறு மதிப்பு. ஒவ்வொரு லோடிலிருந்தும் ஒரு சின்னச் சீசாவில் எண்ணெய் எடுத்து மாதிரிக்கு வைத்துக்கொள்வார். அவருடைய மேசை எழுதுவதற்கு வசதியாகச் சாய்ந்திருக்கும் பழைய காலத்து மேசை.

அந்த வருஷம் சாரல் நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஒரு வாரத்துக்கு மேல் சூரியனைக் காணோம். மேல் கொட்டகையில் கிடந்த எண்ணெய் பூராவும் உறைந்து, பீப்பாய்க்குள் வெண்ணெய்க் கட்டி போல் இருந்தது. அருவியில் தண்ணீர் கொட்டக் கொட்ட ஜனங்களும் வந்து குவிந்தார்கள். கிட்டங்கியில் இருந்த சரக்கு காலியாகிக்கொண்டே போயிற்று. கடைக்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். தென்காசி ஸ்டேஷனில் வேறு ஒரு லோடு வந்து கிடந்தது. குற்றாலத்தில் சாரல் அடித்துக்கொண்டிருக்கும்போது தென்காசியில் பளீரென்று வெயில் அடிப்பது எங்கள் பக்கத்தில் அதிசயம் இல்லை. அந்தப் பீப்பாய்கள் வெயிலில் கிடந்துவிட்டு மத்தியானம் வண்டியில் வந்து சேர்ந்தன.

மேல் கொட்டகைப் பீப்பாய்கள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. அதன் தொடர்ச்சியாகவே புதிதாக வந்ததையும் உருட்டினார்கள். புது லோடின் முதல் பீப்பாய்.

நான் முற்றத்து ஓரத்தில் நின்றேன். மாடசாமி “வருது” என்றது கேட்டது. இசக்கி அண்ணாச்சி காம்பை ஓங்கினார். சுப்பையா அடி எடுத்து வைத்தார். எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது, பீப்பாய் மட்டும் முன்னாடியே வந்துவிட்டது. கட்டை அதன் பின்பக்கத்தில் உரசித் தெறித்தது. பீப்பாய் சுப்பையாவை இழுத்துக்கொண்டு போய்ச் சுவரோடு சேர்த்து அடித்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிவிட்டது. அவர் போட்ட சத்தத்தை நான் எழுதப் போவதில்லை.

தென்காசி ஆஸ்பத்திரியில் உயிருக்குப் பயமில்லை என்று சொல்லிவிட்டார்கள். கால் பழையபடி ஆகாது என்றும் சொன்னார்கள். அன்று சாயங்காலத்துக்குள் குற்றாலம் பூராவும் ஒரு பேச்சு பரவிவிட்டது. இசக்கி குடித்துவிட்டு நின்றான் என்று. மனைவி இறந்த புதிதில் அவர் குடித்தது உண்மை. அதை விட்டு வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. ஆனால் ஒருமுறை குடித்தவனை ஊர் லேசில் விடுமா?

முதலில் சொன்னவர் மாடசாமிதான். நான் நேராகவே சண்டைக்குப் போனேன்.

“நீரு தள்ளிவிட்டீராக்கும்?”

“எம் புள்ள மேல சத்தியமாத் தள்ளல கணக்குப்பிள்ள. கைய எடுத்தேன், அம்புட்டுத்தான். எப்பவும் வார பீப்பாய்தான். எப்பவும் நிப்பாட்டுத ஆளுதான். அவரு கையி பிந்திப் போச்சு. குடிக்காத மனுசனுக்கு எதுக்குக் கையி பிந்துது?”

மற்றவர்கள் அவ்வளவு தூரம் போகவில்லை என்றாலும், இசக்கி கட்டை போட்டால் எதிரே நிற்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மூக்கம்மாள் அண்ணனின் துணிமணியை ஒரு மூட்டையாகக் கட்டி வாசலுக்கு வெளியே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அண்ணாச்சி மூட்டையை எடுத்துக்கொண்டு வந்து கிட்டங்கி வாசலில் படுத்தார். ஓட்டலில் சாப்பிட்டார், சாப்பிட்டேன் என்று பெயர் பண்ணினார்.

எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது வேறு. அவரே அதை நம்பினார்.

“நான் குடிக்கல. அது அந்த அம்மனுக்குத் தெரியும். ஆனா என் கண்ணு அசந்திருக்கும். இல்லன்னா இந்தக் கையி பிந்தாது. பீப்பா வாரது தெரியுது, கையி போய்ச் சேரல. வயசாயிப் போச்சு. நாளைக்கி இன்னொருத்தன் காலும் போகும். புளியறை வழியா எஸ்டேட்டுக்கு ஆள் கூட்டிட்டுப் போறான் ஒருத்தன். வெள்ளிக்கிழமை நானும் போறேன். மூக்கா மூஞ்சில இனி முழிக்க முடியாது.”

எஸ்டேட்டுக்குப் போன எங்கள் பக்கத்து ஆட்களில் பாதிப் பேர் மலைக்காய்ச்சலில் போய்விடுவார்கள். இந்த மனுஷன் திரும்பி வர மாட்டார் என்றே எனக்குத் தோன்றியது. மானேஜர் அறைக்கு ஓடினேன். ஏதாவது செய்து நிறுத்துங்கள் என்று கேட்க.

அங்கே அவர் சின்னப் பிள்ளை போல் விளையாடிக்கொண்டிருந்தார். சாய்வு மேசையின் உச்சியில் இரண்டு எண்ணெய்ச் சீசாக்களைப் படுக்க வைத்து, ஒரு அளவுகோலால் இரண்டையும் தடுத்துப் பிடித்து, சட்டென்று அளவுகோலை எடுப்பார். சீசாக்கள் உருண்டு வந்து மடியில் விழும். மறுபடி எடுத்து வைப்பார். மனுஷனுக்குக் கவலையில் சித்தம் கலங்கிவிட்டது என்றே நினைத்தேன்.

“வே, இங்கன வாரும். எது முந்தி வருதுன்னு பாத்துச் சொல்லும்” என்றார்.

பார்த்தேன். ஒரு சீசாவில் எண்ணெய் உறைந்து வெள்ளையாக இருந்தது. இன்னொன்றை அவர் டீத்தண்ணீர் செம்போடு அணைத்து வைத்து உருக்கியிருந்தார். உருகிய சீசா முந்தி வந்தது. இடம் மாற்றி வைத்தார். அப்போதும் அதுதான் முந்திற்று.

“ரெண்டும் ஒரே சீசா, ஒரே எண்ணெய், ஒரே அளவு” என்றவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவே இல்லை. கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அப்புறம், “இசக்கிய வெள்ளிக்கிழமை போக வேண்டாம்னு நான் சொன்னதாச் சொல்லும். சீசா மேசையில ஓடுறது வேற, பீப்பாய் கல்லுல ஓடுறது வேற. பாக்காமச் சொல்லப்படாது” என்றார்.

அவர் பார்த்த விதத்தைக் கொஞ்சம் நிதானமாகவே எழுதுகிறேன்.

தென்காசியில் வெயில் அடித்த ஒரு நாள் பார்த்து, ஸ்டேஷனிலிருந்து உருகிய பீப்பாய்கள் சிலவற்றை வண்டியில் கொண்டுவரச் சொன்னார். மேல் கொட்டகையில் உறைந்து கிடந்தவை ஏற்கெனவே இருந்தன. எல்லாவற்றையும் தராசில் ஏற்றி, ஒரே எடையுள்ளவையாகப் பொறுக்கினார். முற்றத்தை விட்டு எல்லோரையும் வெளியேற்றினார். கீழே சுவரோரம் வைக்கோல் அடைத்த சாக்குகளைச் சார்த்தி வைத்தார். மூக்கம்மாளுக்கு ஆள் அனுப்பினார். அவள் பழக்கூடையோடு வந்து, அண்ணன் இருந்த பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

முதலில் உருகியது ஒன்றும் உறைந்தது ஒன்றும் சரிவின் விளிம்பில் பக்கம் பக்கமாக. இரண்டுக்கும் முன்னால் ஒரே மூங்கில். மாடசாமியும் இன்னொருவரும் மூங்கிலின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு, மானேஜர் கையை இறக்கியதும் தூக்கினார்கள். யாரும் பீப்பாயைத் தொடவில்லை. பாதிச் சரிவு வருவதற்குள்ளேயே உருகியது முன்னால் வந்துவிட்டது. கீழே வந்தபோது நல்ல இடைவெளி.

“கல்லு அந்தப் பக்கம் ஈரம் சாஸ்தி, அய்யா. வழுக்கிட்டு வந்திருக்கும்” என்றார் ஒருவர். மானேஜர் தலையாட்டினார். பீப்பாய்களின் பக்கத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு கிழிக்கச் சொல்லி, இடம் மாற்றி வைத்து விட்டார். கோடு சுற்றிச் சுற்றி ஒழுங்காக வந்தது, வழுக்கல் இல்லை. உருகியதுதான் முந்தியது.

“இப்ப மாடசாமி கீழே வாரும். கட்டைய எடும்” என்றார் மானேஜர்.

மாடசாமியும் கட்டை போடத் தெரிந்தவர்தான், அண்ணாச்சி வராத நாட்களில் அவர்தான் போடுவார். சுப்பையா நிற்கும் இடத்தில் ஒரு வைக்கோல் மூட்டையை நிறுத்தினார்கள். எந்தப் பீப்பாய் எப்போது வரும் என்று மாடசாமிக்குச் சொல்லவில்லை. உறைந்த பீப்பாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றையும் மாடசாமி டக்கென்று நிறுத்தினார். நிறுத்திவிட்டு இசக்கி அண்ணாச்சியை ஒரு பார்வை பார்த்தார். “வருது” என்று மறுபடி குரல். மாடசாமி காம்பை ஓங்கினார். கட்டை பீப்பாயின் பின்பக்கத்தில் உரசித் தெறித்தது. வைக்கோல் மூட்டை சுவரோடு நசுங்கிக் கிடந்தது.

மாடசாமி கட்டையைக் கீழே வைத்தார். அந்த மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றவர், “நான் காலையில கஞ்சிதாம்யா குடிச்சேன்” என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

மூக்கம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, “எண்ணெய்க்கு எப்படிய்யா கால் முளைக்கும்? எனக்குப் புரியும்படியாச் சொல்லும்” என்று மானேஜரிடம் கேட்டாள்.

“தாயி, மேல இருக்குற பீப்பாய் கீழ வாரதுக்கு அதுக்கிட்ட ஒரு படி அரிசி இருக்குன்னு வச்சுக்க. அதுக்கு மேல ஒரு மணி கிடையாது. அத ரெண்டு பானைக்குப் பிரிக்கணும். முன்னால ஓடுறதுக்கு ஒரு பானை, தன்னைத்தானே சுத்துறதுக்கு ஒரு பானை. எண்ணெய் உறைஞ்சிருந்தா இரும்போட சேந்து அதுவும் சுத்தணும். சுத்துற பானைக்கு நிறைய அரிசி போயிரும், ஓட்டம் குறையும். உருகியிருந்தா இரும்பு மட்டும் சுத்துது. எண்ணெய் சுத்தாம வண்டியில உக்காந்த ஆள் மாதிரி சும்மா வருது. மிச்ச அரிசி அம்புட்டும் ஓடுற பானைக்கு.”

“அப்பம் சுத்தாத சோம்பேறிதான் முந்தி வாரான்” என்றாள் மூக்கம்மாள். மானேஜர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். ஆனால் அவள் சிரிக்கவில்லை. “சரி. எங்கண்ணன் அன்னைக்குக் குடிச்சிருந்தானா, இல்லையா? அதச் சொல்லும்.”

“நான் பாக்கல தாயி. பாக்காதத நான் சொல்ல மாட்டேன். குடிக்காத ஆளு நின்னிருந்தாலும் கட்டை பிந்தித்தான் விழுந்திருக்கும். அத நீயே பாத்தே.”

அவள் முகத்தைப் பார்க்க எனக்கு மானேஜர் மேல் ஆத்திரமாக வந்தது. இந்த மனுஷர் ஒரே ஒரு பொய் சொன்னால்தான் என்ன என்று நினைத்தேன். பிறகு யோசித்தால், அவர் பொய் சொல்லாதவர் என்பதால்தான் அவர் சொன்ன மற்றதையும் அவள் நம்பினாள்.

அத்தோடு விடவில்லை அவர். அந்த உருகிய பீப்பாயையே மேல் கொட்டகையில் போட்டு வைத்தார். சாரலில் அது உறைந்த பிறகு மறுபடி எல்லோரையும் கூப்பிட்டு, இன்னொரு உறைந்த பீப்பாயோடு சேர்த்து விட்டார். இரண்டும் ஜோடி மாடு போல ஒன்றாக இறங்கின. அதே பீப்பாய்தான். உறைந்ததும் ஓட்டம் குறைந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் அவர் பேசினார். முற்றத்தின் நடுவில் நின்று, வழக்கமான அதே தணிந்த குரலில்.

“கசிவு பாக்கத்தான் ரெண்டு நாள் மேல போட்டு வைக்கோம்னு நாம எல்லாரும் நினைச்சோம். அந்த ரெண்டு நாள்ல வெயில்னா எல்லாப் பீப்பாயும் ஒண்ணு போல உருகுச்சு, சாரல்னா ஒண்ணு போல உறைஞ்சுது, ஒண்ணு போல வந்துது. அதனாலதான் இத்தனை வருசம் யாருக்கும் ஒண்ணும் ஆகல. அன்னைக்குக் கடைக்காரங்க வந்து நெருக்கினதும், மேல போட வேண்டாம், வண்டியிலேருந்து நேரா உருட்டுங்கன்னு சொன்னது நான். நீங்க சொன்னதச் செஞ்சீங்க. இசக்கி கண்ணு அசரல. கையும் பிந்தல. பீப்பாய் முந்தினது என்னால. சுப்பையா காலுக்கு ஜவாப் சொல்ல வேண்டியது நான்.”

அந்த உத்தரவு எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாருக்கும் அது தப்பாகவே படவில்லை. அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் உலகம் முடிகிற வரைக்கும் பழி இசக்கிமுத்து தலையில்தான் கிடந்திருக்கும். சொல்லியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. சொன்னார். ரயிலேறி முதலாளியிடமும் போய்ச் சொன்னார். முதலாளி என்ன பேசினார் என்று எங்களுக்குத் தெரியாது. அவருக்கு வருவதாக இருந்த திருநெல்வேலி பெரிய ஆபீஸ் வேலை வேறொருவருக்குப் போயிற்று. அதைப் பற்றியும் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த மனுஷரை நினைத்தால் இன்றும் எனக்குக் கண் கலங்கும்.

இசக்கி அண்ணாச்சி எஸ்டேட்டுக்குப் போகவில்லை. ஆனால் கட்டையையும் எடுக்கவில்லை. “அய்யா சொன்னது சரிதான். ஆனா என் கைக்கு அது தெரிய மாட்டேங்கு” என்றார். கிட்டங்கியைப் பெருக்கிக்கொண்டும் சாக்கு தைத்துக்கொண்டும் இருந்தார், கட்டை போடுவதை மாடசாமி பார்த்துக்கொண்டார். தங்கை வீட்டுக்கும் போகவில்லை. மூக்கம்மாள் கூப்பிடவும் இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே ரத்தம், ஒரே பிடிவாதம்.

சுப்பையா கோலூன்றி நடக்க ஆரம்பித்தபோது வருஷம் திரும்பிவிட்டது. பீப்பாய் திருப்பும் வேலை இனி அவருக்கு ஆகாது. மானேஜர் அவருக்காக ஒரு வேலையை உண்டாக்கினார். சரிவின் உச்சியில் ஒரு முக்காலி போட்டு உட்கார வைத்தார். ஒவ்வொரு பீப்பாயையும் விடுவதற்கு முன்னால் சுப்பையா அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லேசாக உருட்டிப் பார்க்க வேண்டும். உறைந்தது கனத்துத் திரும்பும். உருகியது கைக்கு இலகுவாகத் திரும்பும், உள்ளே எண்ணெய் அசைந்துகொள்ளும். இன்னது என்று குரல் கொடுத்த பிறகுதான் மாடசாமி கையை எடுக்கலாம். வெறும் “வருது” என்பது அன்றோடு ஒழிந்தது.

முதல் நாள் சுப்பையா முக்காலியில் உட்கார்ந்தார். மாடசாமி மேலே தன் பழைய இடத்துக்கு வந்துவிட்டதால் கீழே கட்டை போட யாரும் இல்லை. “யாரு நிக்கா கீழ?” என்று மேலேயிருந்து கேட்டார்.

கீழே அண்ணாச்சி பெருக்கிக்கொண்டே இருந்தார்.

“மச்சான் இல்லாம நான் எதுக்கு இங்கன உக்காந்து கத்தணும்? இசக்கி மச்சான், கட்டைய எடும்.”

அண்ணாச்சி விளக்குமாறைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். முட்டுக்கட்டையின் காம்பைப் பிடித்தார். எதிரே நிற்க ஆள் வேண்டும். சுப்பையாவின் இடத்துக்குப் புதிதாக வந்தவர் சுவரோரமே நின்றார், அடி எடுத்து வைக்கவில்லை.

புருஷனுக்குச் சோறு கொண்டுவந்த மூக்கம்மாள் வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்குச்சட்டியைக் கையில் பிடித்தபடியே விறுவிறுவென்று முற்றத்துக்குள் வந்து, தன் புருஷன் அடிபட்ட அதே இடத்தில் போய் நின்றாள்.

“ஏட்டி, உனக்கென்ன கிறுக்கா? நவுரு” என்றார் அண்ணாச்சி.

“நீ போடு.”

மானேஜர் அறை வாசலுக்கு வந்தார், கண்ணாடியில் கை வைத்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் மேலேயிருந்து சுப்பையாவின் குரல் வந்துவிட்டது. கீழே யார் நிற்கிறார்கள் என்று அங்கிருந்து அவருக்குத் தெரியாது.

“மச்சான், இது உருகுனது. முந்தி வருது, முந்திப் போடும்.”

பீப்பாய் இறங்கியது. அண்ணாச்சி காம்பை ஓங்கினார், கட்டை போய் உட்கார்ந்தது, பீப்பாய் டொம்மென்று அதில் இடித்து நின்றது. மூக்கம்மாளின் சேலை நுனிக்கும் அதற்கும் நடுவே ஒரு ஆள் படுக்கலாம்.

அவள் பீப்பாயை ஒருமுறை பார்த்தாள், அண்ணனை ஒருமுறை பார்த்தாள். தூக்குச்சட்டியை அந்தப் பீப்பாய் மேலேயே வைத்தாள்.

“ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் கொண்டாந்திருக்கேன். ராத்திரிக்கு வீட்டுக்கு வந்துரு” என்று சொல்லிவிட்டுப் பழம் விற்கப் போனாள்.